இல்லாத பறவைகளை வரையச் சொன்னேன்

அந்தச் சனிக்கிழமை காலை ஏரிக்கரையில் பதினொரு பிள்ளைகளிடம் நான் சொன்னது பொய். அது பொய் என்று எனக்குள்ளேயே நான் ஒப்புக்கொள்ள நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளில் என் வலது கண் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல் திட்டில் இருக்கிறது. இங்குள்ள தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் என் பொறுப்பு. சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போய் வரைய வைப்பேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை, நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை.

அதற்குக் காரணம் உண்டு. பிடித்ததை வரை என்றால் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் இரண்டு மலை, நடுவில் சூரியன், பக்கத்தில் ஓட்டு வீடு, ஒரு தென்னை மரம் என்று வரைந்து நீட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் மலையே கிடையாது. அந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூட மலையைப் பார்த்தது கிடையாது. அதே பிள்ளையிடம் தினமும் காலடியில் ஓடுகிற நண்டை வரையச் சொன்னால் முழிக்கும். நண்டுக்கு எத்தனை கால் என்றால் நாலு என்று துணிச்சலாகச் சொல்லும். மீன் பிடிக்கிற வீட்டுப் பிள்ளை இப்படிச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் சில சட்டங்கள் போட்டேன். பென்சிலைத் தொடுவதற்கு முன் நூறு எண்ணும்வரை பார்க்க வேண்டும். ரப்பர் கிடையாது. வானத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு அதைப் பறவை என்று சொல்லக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: தெரிந்ததை வரையாதே, பார்த்ததை வரை. இதை நான் ஓயாமல் சொல்லி, பிள்ளைகள் என்னையே கிண்டல் செய்யும் அளவுக்கு ஆகிவிட்டது. மதியச் சாப்பாட்டில் முட்டை வராத ஒரு நாள் ஒரு பொடியன், "முட்டையப் பாக்கல மிஸ், பாக்காதத எப்டித் துன்றது?" என்று கேட்டான்.

அந்தச் சனிக்கிழமை பூநாரைகள் கரையை விட்டு வெகு தூரம் தள்ளி நின்றன. ஐந்து வயதுக் கண்ணுக்கு வாகாக இல்லை. வேறு என்ன காட்டலாம் என்று திரும்பினேன். கடலும் ஏரியும் கலக்கிற முகத்துவாரத்துப் பக்கம் வானத்தில் கரும்புள்ளிகளாக ஒரு கூட்டம் தெரிந்தது. ஆலாக்கள் என்கிற கடல் பறவைகள் என்று நினைத்தேன்.

"அதோ பாருங்க, கூட்டமாப் போவுது. எத்தினி இருக்குன்னு எண்ணிட்டு வரைங்க" என்றேன்.

தர்ஷினி என்று ஒரு பெண், ஆறு வயது, எப்போதும் என் கால்மாட்டில் உட்காருவாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "மிஸ், அங்க ஒண்ணியும் இல்ல மிஸ்."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன் மிஸ். மேகம்தான் கீது."

"நூறு எண்ணினியா நீ?"

அவள் மறுபடி திரும்பி உட்கார்ந்து எண்ணினாள். உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. எண்ணி முடித்ததும் வானத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அட்டையில் குனிந்து ஏழு புள்ளிகள் வைத்தாள். மற்றப் பிள்ளைகளும் வைத்தார்கள். ஒருவன் தாராளமாக இருபது வைத்தான். எல்லோரையும் பாராட்டினேன்.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு மீன் ஏலக் கொட்டகையைத் தாண்டி வந்தேன். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் அது. ஆலாக்கள் அந்தச் சுவரின்மேல் பறந்துகொண்டிருந்தன. தலையைத் திருப்பினேன், அவையும் திரும்பின. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். துடைத்த பிறகும் இருந்தன.

பவர் ஏறியிருக்கும் என்று முடிவு செய்தேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து தடித்த கண்ணாடி போடுகிறவளுக்கு இதுதான் முதலில் தோன்றும். அந்தப் புள்ளிகளுக்கு மிதவைப் புள்ளிகள் என்று பெயர் (கண்ணுக்குள் நிறைந்திருக்கிற தெளிந்த கூழில் மிதக்கும் துணுக்குகளின் நிழல்). ஒன்றிரண்டு நிறையப் பேருக்கு உண்டு, பயமில்லை. திடீரென்று ஒரு கூட்டமே வந்தால் பயப்பட வேண்டும். எனக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் இதை முதலில் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் பயத்தின் அளவு புரியும். என் இடது கண் சிறு வயதிலிருந்தே சோம்பல் கண் (மூளை அதன் பார்வையைக் கணக்கில் எடுத்துப் பழகாத கண்). நிறமும் அசைவும் தெரியும், முகம் தெரியாது, எழுத்து தெரியாது. இத்தனை வருடமும் அது ஒப்புக்குச் சப்பாணியாகத்தான் கூட வந்தது. எனக்கு இருந்த கண் ஒன்றுதான். அது வலது கண்.

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் குனிந்து எழுந்தபோது வலது ஓரத்தில் ஒரு மின்னல் வெட்டியது. வெளியே பார்த்தேன், வானம் பளிச்சென்று இருந்தது. திரும்ப உள்ளே வந்தேன், மறுபடியும் வெட்டியது. ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. பாடு என்று ஒரு முறை உண்டு. நல்ல இடங்களை ஊரார் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். நம் முறை வரும் நாளில் அந்த இடம் நமக்கு, விட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். என் கணவர் சேகரின் படகில் நான்கு பேர். ஒருவர் வராவிட்டால் அந்த வலையைக் கட்ட முடியாது. அந்த ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் எங்கள் படகுக்குப் பாடு. அதுவும் இறால் ஏறுகிற நேரம்.

நான் கண்ணைப் பற்றிச் சொன்னால் அவர் வலையை அப்படியே விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அது எனக்கு நன்றாகத் தெரியும். நாலு வீட்டு அடுப்பில் நான் தண்ணீர் ஊற்றுவதா என்று நினைத்தேன். எங்கள் ஊரில் பாடு நாளில் காய்ச்சல் வந்தால்கூடப் பெண்கள் சொல்வதில்லை. வலி வந்தும் பாடு முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த கர்ப்பிணியை எனக்குத் தெரியும். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். நானும் பெருமையாகத்தான் இருந்தேன்.

திங்கட்கிழமை மூக்கின் ஓரமாகக் கீழிருந்து ஒரு நிழல் எழுந்தது. கன்னத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று கையால் தட்டிவிட்டேன். செவ்வாய்க்கிழமை அது பாதிக் கண்ணுக்கு ஏறியிருந்தது. வகுப்பில் கரும்பலகையின் கீழ்ப்பாதி எனக்கு இல்லை. அன்று முழுக்க நான் மேல்பாதியில் மட்டும் எழுதினேன். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஒரு நாள்தானே, நாளைக்குப் போய்விடலாம், ஒரு நாள்தானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

புதன்கிழமை விடிந்ததும் அவர் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு காது தெரிந்தது. நடுவில் முகம் இல்லை.

"எனக்கு உன் மூஞ்சி தெரியல" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. "இன்னா மே சொல்ற?"

அரை மணி நேரத்தில் ஷேர் ஆட்டோவில் இருந்தோம். பழவேற்காட்டிலிருந்து பேருந்து, பொன்னேரியிலிருந்து ரயில். எத்தனையோ முறை போன வழி. திருப்பாலைவனம் வந்துவிட்டதா, மீஞ்சூர் வந்துவிட்டதா என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

சென்னையில் கண் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டு உட்கார வைத்தார்கள் (பாவை என்பது கண்ணின் நடுவிலுள்ள கரிய துவாரம், அது விரிந்தால்தான் உள்ளே பார்க்க முடியும்). பிறகு ஒரு படுக்கையில் படுக்கச் சொன்னார்கள். மருத்துவர் ஒரு பெண்மணி. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு கண்ணாடி வில்லையை வைத்துக்கொண்டு கண்ணுக்குள் பார்த்தார். சிறு கம்பி ஒன்றால் விழியின் ஓரத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தார். வலித்தது. பார்ப்பார், தள்ளிப் போவார், திரும்ப வந்து பார்ப்பார். அவர் தள்ளிப் போகும்போதெல்லாம் ஒரு சத்தம் கேட்டது. காகிதத்தில் கலர் பென்சில் உரசுகிற சத்தம் எனக்குத் தெரியாதா.

"வரையறீங்களா டாக்டர்?"

"ஆமாம்மா. விழித்திரை எப்படி இருக்குன்னு வரைஞ்சு வெச்சுக்குவோம்."

"போட்டோ எடுக்க மாட்டீங்களா?"

"அதுவும் எடுப்போம். ஆனா வரையறப்பதான் கிழிசல் கண்ணுல மாட்டும்."

எனக்கு நடந்தது விழித்திரை விலகல் (கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் கிழிந்து, சுவரிலிருந்து கழன்று வருவது, அந்தப் படலத்தில்தான் பார்வை விழுகிறது). சுவர் ஈரமாகிக் காகிதம் உரிந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அந்தப் படத்தை எங்களிடம் காட்டினார். சிவப்பு, ஒட்டியிருக்கிற இடம். நீலம், கழன்ற இடம். எனக்கு இடது கண்ணில் கலங்கலாக ஒரு வட்டம் தெரிந்தது.

"எது ஜாஸ்தி?" என்று என் கணவரிடம் கேட்டேன்.

"ரெண்டுந்தான் கீது" என்றார்.

கரையில் நின்றபடியே படகில் எவ்வளவு இறால் வருகிறது என்று சொல்லக்கூடிய ஆள் அவர். ரெண்டும் இருக்கிறது என்று அவர் சொன்னால் எவ்வளவு நீலம் என்று எனக்குப் புரிந்தது. படுக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்பலேருந்து?" என்று மருத்துவர் கேட்டார்.

"சனிக்கிழமைலேருந்து புள்ளி. அப்புறம் மின்னல். திங்கக்கிழமை நிழல்."

"ஏம்மா உடனே வரல? நிழல் நடுவுக்கு வர்றதுக்கு முன்னாடி வந்திருந்தா நடுப்பகுதி தப்பிச்சிருக்கும். இப்ப அதுவும் கழண்டிருக்கு."

"பாடு நாள் டாக்டர்."

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன், ஏனென்றால் என் கணவருக்குப் புரிந்துவிட்டது. அவர் மெதுவாகச் சொன்னார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா வலையத் தூக்கிப் போட்டுட்டு வந்திருப்பேனே."

"அதான் சொல்லல" என்றேன்.

அவர் வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. எங்கள் திருமண வாழ்க்கையில் நான் அவருக்குச் செய்த மிகப் பெரிய கெடுதல் அந்த மூன்று நாள் மௌனம்தான். என் கண் போன பழியை அவர் தலையில் கட்டிவிட்டேன்.

மறுநாள் அறுவை சிகிச்சை. கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டு, படலத்தைச் சுவரோடு சேர்த்து, கிழிசலைச் சுற்றி லேசர் கதிரால் சுட்டு ஒட்ட வைத்து, உள்ளே ஒரு வாயுக் குமிழை நிரப்புவார்கள். ஒட்டும்வரை அந்தக் குமிழ் படலத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஒட்டுமா என்று மருத்துவரிடம் கேட்டேன். "பெரும்பாலும் ஒட்டும். சில பேருக்கு மறுபடியும் கழண்டுக்கும், திரும்பச் செய்யணும். நான் உங்களுக்குச் சத்தியம் பண்ணித் தர முடியாது" என்றார். அந்த நேர்மைக்கு இன்று நன்றி சொல்கிறேன். அன்று அவரைப் பிடித்து உலுக்கத் தோன்றியது.

கண்ணை மட்டும் மரக்க வைத்தார்கள். விழித்திருந்தேன். வலி இல்லை, ஆனால் உள்ளே யாரோ நடமாடுவது தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஏதேதோ சுழன்றது. நகரக்கூடாது என்றார்கள். நான் நூறு வரை எண்ணினேன், மறுபடி நூறு, மறுபடி நூறு. பிள்ளைகளுக்கு நூறு எவ்வளவு நீளம் என்று அந்த மேசையில்தான் தெரிந்துகொண்டேன்.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி, இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் கவனித்துப் படியுங்கள். வாயு மேலே ஏறும். படலமோ கண்ணின் பின்பக்கம் இருக்கிறது. பின்பக்கம் மேலே வர வேண்டுமென்றால் முகம் தரையைப் பார்க்க வேண்டும். பத்து நாள், ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம், குப்புற. சாப்பிடுவதும் குனிந்து, தூங்குவதும் குனிந்து. ஊருக்குத் திரும்பிய வழியெல்லாம் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

என் கணவர் மீன் அள்ளும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றின் அடிப்பக்கத்தை அறுத்து எடுத்தார். விளிம்பைச் சுற்றித் துண்டுகளை வைத்துப் பழைய வலைக் கயிற்றால் கட்டினார். பெஞ்சில் குப்புறப் படுத்து நெற்றியையும் கன்னத்தையும் அந்த விளிம்பில் பொருத்திக்கொண்டால் கழுத்து வலிக்காது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் மீன் வாடை போகவில்லை. கடையில் விலைக்கு விற்கும் தலையணைகளைவிட அது நன்றாகவே இருந்தது.

என் மகள் கவியாவுக்குப் பதினைந்து வயது. சொட்டு மருந்து அவள் பொறுப்பு. அவள் மிளகாய் தாளிக்கக்கூடாது என்று தடை போட்டேன், தும்மினால் ஒட்டியது கழன்றுவிடும் என்று பயம். யாராவது கதவைச் சாத்தினால் பயம். இருமல் வந்தால் பயம். கண்ணில் போட்டிருந்த கட்டை அவிழ்த்தபோது வலது கண்ணில் வெறும் வெளிச்சம், நடுவில் கலங்கலாக ஒரு வட்டம், அவ்வளவுதான் தெரிந்தது. குமிழ் இருக்கும்வரை அப்படித்தான் தெரியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. நாள் முழுக்கத் தரையின் ஒரு சதுர அடியைப் பார்த்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் அழுதேன். குப்புறப் படுத்து அழுதால் கண்ணீர் கன்னத்தில் வழியாது, நேராகத் தரையில் சொட்டும். அழுவது கண்ணுக்குக் கெடுதலோ என்று அதற்கும் பயந்து நிறுத்திவிட்டேன்.

நான்காம் நாள் தர்ஷினி வந்தாள். கவியா வேண்டாம் என்பதற்குள் தரையில் மல்லாந்து படுத்து, தலையைப் பெஞ்சுக்கு அடியில் நுழைத்து, பெட்டியின் அடிவழியாக என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு ஒரு பழுப்பு நிறமும் இரண்டு ரிப்பன் சிவப்பும் தெரிந்தது.

"மிஸ், உங்க கண்ணு ஒரே செவப்பா கீது மிஸ்."

அறுவைக்குப் பின் நான் கண்ணாடியில் முகம் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. வீட்டில் கேட்டால் நல்லாத்தான் இருக்கிறது என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்.

"எப்டி இருக்குன்னு சொல்லு" என்றேன்.

"வெள்ளயே இல்ல. நடுவுல கருப்பு பெருசா கீது. ரெப்ப வீங்கிக்கினு கீது. கொஞ்சம் பயமா கீது மிஸ்."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன். பெரியவர்கள் யாரிடமும் அதுவரை நான் அப்படிச் சொல்லவில்லை.

அவள் போகவில்லை. அங்கேயே படுத்துக்கொண்டு ரிப்பனை முறுக்கிக்கொண்டிருந்தாள். நான்தான் பேச்செடுத்தேன். "அன்னிக்கி நான் பறவன்னு சொன்னேனே, அங்க ஒண்ணும் இல்ல. என் கண்ணுக்குள்ள இருந்த புள்ளி அது. நீ சொன்னதுதான் சரி."

"தெரியும் மிஸ்."

"தெரிஞ்சும் ஏன் வரைஞ்ச?"

அவள் யோசித்தாள். "நீங்க பாத்தீங்கல்ல" என்றாள்.

பதினொரு பிள்ளைகள் நூறு எண்ணிப் பார்த்தார்கள். இல்லை என்று கண்டார்கள். கண்டதைவிட என்னைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். நான் இத்தனை நாள் சொல்லிக்கொடுத்தது எதுவோ, அதற்கு நேர் எதிரானதையும் கூடவே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது ஒருபக்கம் இருக்கட்டும். ஒரு ஆறு வயதுப் பிள்ளை வானத்தில் ஒன்றும் இல்லை என்று சொன்ன அந்த நிமிடம் நான் காது கொடுத்திருந்தால், அன்று மாலையே மருத்துவமனையில் இருந்திருப்பேன். பாடு தொடங்க இன்னும் ஒரு நாள் மீதி இருந்தது.

பத்து நாள் முடிந்து மருத்துவரிடம் போனோம். மறுபடியும் விளக்கு, வில்லை, பென்சில் சத்தம். என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"செவப்பு" என்றார். "எல்லாமே செவப்பு மே."

அந்தத் தாழ்வாரத்தில் அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, கேட்டேன்.

தலையை நிமிர்த்த அனுமதி கிடைத்த பிறகு குமிழ் சிறுக்கத் தொடங்கியது. பார்வைக்கு மேலே மெல்லிய கோடாக ஒரு தெளிவு வந்தது. அதற்குக் கீழே எல்லாம் அலம்பிய தண்ணீர் (விழித்திரையில் படம் தலைகீழாக விழுவதால் மேலே நிற்கும் குமிழ் கீழே தெரியும்). நடந்தால் அந்தத் தண்ணீர் ஆடும், நின்றால் மட்டமாக நிற்கும். நாளுக்கு நாள் கோடு கீழே இறங்கியது. முதலில் கூரைத் தகரம் கிடைத்தது. சில நாள் கழித்துக் கதவின் மேல்சட்டம். அப்புறம் என் கணவரின் தலைமுடி, நரைத்திருந்தது. அவர் நெற்றி வந்த நாளும் புருவம் வந்த நாளும் எனக்கு நினைவிருக்கின்றன. கிழமை எனக்கு மறந்துவிட்டது. கோடு எங்கே நிற்கிறதோ அதுதான் அன்றைய தேதி. கடைசியில் குமிழ் ஒரு பாசிமணி அளவு ஆகிப் பார்வையின் அடியில் உருண்டு, ஒரு காலையில் காணாமல் போயிற்று.

முகம் முழுதாகக் கிடைத்தது. ஆனால் நேராக இல்லை. மூக்கு ஒரு பக்கம் ஒடிந்திருந்தது, வாய் சற்று ஏறியிருந்தது. நடுப்பகுதி கழன்று ஒட்டியதால் படலம் பழையபடி மட்டமாகப் படியவில்லை என்றார் மருத்துவர். நேர்க்கோடுகள் வளைந்து தெரியும். கொஞ்சம் குறையலாம், முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது. கோடுகளின் வளைவு திடீரென்று கூடினாலோ, நிழல் எழுந்தாலோ அன்றைக்கே வர வேண்டும். இடது கண்ணிலும் மெலிந்த இடம் ஒன்று இருந்தது, அதையும் லேசரால் சுட்டு வைத்தார். ஓரிரு வருடத்தில் வலது கண்ணில் புரை விழும் (கண்ணின் வில்லை மங்குவது), அதற்கும் வர வேண்டும்.

மூன்று மாதம் கழித்து மறுபடி பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போனேன். எனக்குப் பயம்தான். ஆனாலும் போனேன். அன்று ஏரியில் வலை கட்ட நட்டிருக்கும் கம்புகளை வரையச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால் கம்புகள் எல்லாம் இடுப்பில் வளைந்து நின்றன. முதல் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த சர்வேஷ் என்கிற பையன் தன் படத்தைக் கொண்டுவந்து நீட்டினான். அவன் வரைந்த கம்பும் இடுப்பில் வளைந்திருந்தது.

பழைய நான் என்றால், திரும்பப் போய்ப் பார் என்று விரட்டியிருப்பேன். இப்போது எனக்குத் தெரியவில்லை. அவன் வளைத்துப் போட்டானா, என் கண் வளைக்கிறதா? காகிதத்தைத் தள்ளிப் பிடித்தேன், கிட்டப் பிடித்தேன்.

"இத நேராப் போட்டியா, வளைச்சுப் போட்டியா?" என்று கேட்டேன்.

டீச்சர் இப்படிக் கேட்டால் ஏதோ தப்பு என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அவன் பயந்துபோய்க் காகிதத்தைப் பிடுங்கப் பார்த்தான்.

"திட்ட மாட்டேன். எனக்குக் கண்ணு சரியில்ல, அதான் கேக்கறேன். நீ சொல்றதத்தான் நான் எடுத்துக்குவேன்."

அவன் படத்தைப் பார்த்தான், ஏரியைப் பார்த்தான், உதட்டை அசைத்து எண்ணினான். அவசரப்படாமல் காத்திருந்தேன்.

"நேராத்தான் மிஸ்" என்றான்.

சரி என்று கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் கையெழுத்தும் எனக்குக் கோணலாகத்தான் தெரிந்தது.

தினமும் காலையில் எழுந்ததும், வேறு எதையும் செய்வதற்கு முன், இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் எங்கள் கதவு நிலையைப் பார்க்கிறேன். ஓரங்களில் நிழல் உண்டா என்று பார்க்கிறேன். நிலையின் வளைவு எவ்வளவு என்று பார்க்கிறேன். கண்ணைத் திறக்கும் அந்த ஒரு நொடியில் இன்னும் பயம் வருகிறது. இது எப்போது நிற்கும் என்று மருத்துவரிடம் கேட்டதற்கு, நிற்க வேண்டாம், பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். இந்தச் சிகிச்சைக்குப் போகிற உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். நீங்கள் மட்டும் கோழை இல்லை.

இன்று காலையும் பார்த்தேன். உள்ளேயிருந்து கவியா கேட்டாள். "இன்னிக்கி எப்டிமா கீது?"

"நேத்து மாதிரியே" என்றேன்.

எங்கள் வீட்டில் இப்போது அதைவிட நல்ல சேதி கிடையாது.